டெட்லிஃப்ட் எங்கே நிற்கிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடைக்கம்பியை (பார்) நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் பயிற்சியில், பார் முட்டிக்குக் கீழே நின்றுபோனால், அந்த இடத்தில் பலம் இல்லை என்று முடிவு கட்டி, அந்த உயரத்துக்கென்றே ஒரு துணைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆறு வாரம் கழித்தும் பார் அதே இடத்தில்தான் நிற்கிறது. காரணம், பார் நிற்கும் இடம் வேறு, பிழை தொடங்கும் இடம் வேறு. பெரும்பாலும் பிழை அதற்கு ஒரு சாண் கீழே, பார் தரையில் கிடக்கும்போதே தொடங்கிவிட்டிருக்கும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நிற்கும் முறையைப் பாருங்கள், அடுத்து பார் போகும் பாதையை, கடைசியாகத் தசையின் பலத்தை. வரிசை மாறினால் மாதக்கணக்கில் உழைப்பு வீணாகும். டெட்லிஃப்ட் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்களுக்கு 'பலவீனமான இடம்' என்று தனியாக எதுவும் இல்லை. அவர்கள் வாரம் ஒன்றிரண்டு முறை ஒழுங்காகத் தூக்கி வந்தாலே எல்லா இடமும் சேர்ந்து வளரும். இங்கே சொல்வதெல்லாம், எடை ஏறாமல் சில மாதங்களாகத் தேங்கி நிற்பவர்களுக்கு.

முதலில் வீடியோவும் அளவுநாடாவும்

போனை இடுப்பு உயரத்தில், பாரின் முனைக்கு நேர் பக்கவாட்டில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். சற்றுச் சாய்ந்து வைத்தாலும் பார் உடம்பை விட்டு விலகுவது கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் பிளேட் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) பாதத்தை மறைக்கும் என்பதால் இன்னொரு செட்டை, அதாவது தொடர்ந்து தூக்கும் இன்னொரு சுற்றை, முன்பக்க மூலையிலிருந்து எடுங்கள்.

இரண்டு எடைகளில் எடுக்க வேண்டும். ஒன்று உங்கள் அதிகபட்சத்தில் 70 சதவீதம், மற்றது 87 முதல் 90 சதவீதம். 180 கிலோ தூக்குபவர் என்றால் 125 கிலோவும் 160 கிலோவும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு தவறு 125 கிலோவிலேயே தெரிந்தால் அது பழக்கத்தின் தவறு. எந்தத் துணைப் பயிற்சியும் அதைத் திருத்தாது, நிற்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். 125 கிலோவில் இல்லாமல் 160 கிலோவில் மட்டும் தலைகாட்டினால் அங்கே ஏதோ ஒரு தசை கைவிடுகிறது. இந்த ஒரு சோதனையே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

அடுத்து அளவுநாடா. போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதாவது பாரின் நடுமையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஜிம்மில் உள்ள இரும்பு பிளேட்டின் விட்டம் 40 செ.மீ. என்றால் பார் இரண்டரை செ.மீ. தாழ்ந்து கிடக்கிறது. நீங்கள் தினமும் செய்துகொண்டிருப்பது டெஃபிசிட் டெட்லிஃப்ட், அதாவது பாரை வழக்கத்தைவிடத் தாழ்விலிருந்து தூக்குவது. 'தரையிலிருந்து கிளம்பவில்லை' என்று வருந்துவதில் அர்த்தமே இல்லை. பிளேட்டுகளுக்கு அடியில் தேவையான கனத்துக்கு ரப்பர் பாயோ ஒட்டுப்பலகையோ போட்டுச் சரிசெய்துவிட்டு மறுபடி வீடியோ எடுங்கள். பஞ்சு போன்ற அடிப்பாகம் உள்ள ஓட்டப்பயிற்சி ஷூவையும் கழற்றிவிடுங்கள். அது அமுங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பாதத்தின் கீழ் ஆட்டமாகத் திரும்பி வரும். தட்டையான, கெட்டியான ஷூ போதும்.

அறிகுறி 1: பார் தரையை விட்டு அசையவே மறுக்கிறது

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முதல் சந்தேகம் தொய்வின் மேல். பாரின் ஸ்லீவ், அதாவது பிளேட் ஏறும் முனைப்பகுதி, 50 மி.மீ., பிளேட்டின் துளை அதைவிடச் சற்றே பெரிது. பார் துளையின் மேல்விளிம்பைத் தொடும்வரை நீங்கள் இழுப்பது வெறும் இடைவெளியை. அதற்குப் பிறகு பாரே கொஞ்சம் வளையும். கிணற்றுக் கயிற்றில் தொய்வு இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் கைதான் அதிருமே தவிர வாளி எழாது. பாரும் அப்படித்தான். வெடுக்கென்று இழுத்தால் கை நீள்கிறது, தோள் முன்னால் போகிறது, முதுகு வளைகிறது. எடை வந்து சேரும்போது உடம்பு ஏற்கெனவே நிலை குலைந்திருக்கும்.

சரியான வரிசை இது. பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே பார் இருக்கும்படி நில்லுங்கள். நேராக நிற்கும்போது கீழ்க்காலின் முன்னெலும்புக்கும் பாருக்கும் இடையே சுமார் இரண்டரை செ.மீ., இரண்டு விரல் அகலம். பாரை நகர்த்தாமல் குனிந்து பிடியுங்கள். எலும்பு பாரைத் தொடும்வரை மட்டும் முட்டியை மடக்குங்கள். மார்பை நிமிர்த்தி, கையை நேராக வைத்து, பாரைத் தூக்குவதுபோல் மெல்ல மேலே அழுத்துங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் ஸ்லீவ் துளையின் மேல்விளிம்பைத் தொட்ட சத்தம். அதோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். உங்கள் எடையில் ஒரு பகுதி பாரில் தொங்குவதுபோல் தோன்ற வேண்டும். அதன் பிறகு தரையைக் கால்களால் தள்ளுங்கள். சத்தத்துக்கும் தள்ளலுக்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். நீண்டால் இறுக்கம் கசிந்துவிடும்.

போட்டிகளில் தொய்வு இன்னும் முக்கியம். ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி பாரின் கனம் 28 முதல் 29 மி.மீ.; அது விறைப்பானது, அதிகம் வளையாது. டெட்லிஃப்டுக்கென்றே செய்யப்படும் 27 மி.மீ. பார் நன்றாக வளைவதால், பிளேட் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் உங்கள் கை சற்று உயரத்துக்கு வந்துவிடும். மெல்லிய பாரில் பழகிவிட்டு விறைப்பான பாரில் போட்டிக்குப் போனால் தரையிலேயே எடை நம்மைக் கேள்வி கேட்கும்.

இரண்டாவது சந்தேகம், பார் பாதத்தின் முன்பக்கம் கிடப்பது. கால்விரல்களுக்கு மேலே பார் இருந்தால் அது முதலில் உங்களை நோக்கி உருளும், பிறகுதான் மேலே கிளம்பும். வீடியோவில் பிளேட் எழுவதற்கு முன்பு பின்னோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் காரணம் இதுதான்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் 90 சதவீதத்தில் பார் ஒட்டிக்கொண்டால், அப்போதுதான் பலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு இரண்டு பயிற்சிகள் போதும். ஒன்று டெஃபிசிட்: 3 முதல் 5 செ.மீ. பலகை மேல் நின்று தூக்குவது. 10 செ.மீ. உயரத்தில் ஏறி நின்று செய்பவர்களும் உண்டு, ஆனால் அவ்வளவு உயரத்தில் பெரும்பாலானோருக்கு அடிமுதுகு வளையாமல் பாரைப் பிடிக்கவே முடியாது. வேறொரு அசைவையே பழகிக்கொள்கிறார்கள். இன்னொன்று பாஸ்: தரையிலிருந்து 2, 3 செ.மீ. எழுப்பி இரண்டு நொடி அப்படியே நிறுத்தி, பிறகு முழுதாகத் தூக்குவது. நிறுத்தும் நேரத்தில் எடை பாதத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். விரல்பக்கம் போனால் அந்த ரெப் (ஒரு முறை தூக்குவது) தோல்விதான், தூக்கி முடித்தாலும்.

180 கிலோ தூக்குபவருக்கு ஆறு வாரம் இப்படிப் போகலாம். முதல் நாள் டெஃபிசிட்: முதல் வாரம் 125 கிலோவில் 4 செட், ஒவ்வொன்றிலும் 4 ரெப், இரண்டாம் வாரம் 130, மூன்றாம் வாரம் 135. நான்காம் வாரம் இளைப்பாறல்: 110 கிலோவில் 3 ரெப்களாக 2 செட் மட்டும். ஐந்தாம் வாரம் 140 கிலோவில் 3 ரெப்களாக 4 செட், ஆறாம் வாரம் 145 கிலோவில் 3 ரெப்களாக 3 செட். மூன்று நாள் கழித்து வரும் இரண்டாம் நாளில் பாஸ் டெட்லிஃப்ட், 110 கிலோவில் தொடங்கி 125 வரை, 3 ரெப்களாக 3 செட். ஒவ்வொரு ரெப்பும் தரையில் முழுதாக வைத்து, தொய்வை மறுபடி எடுத்துத் தொடங்க வேண்டும். பிளேட்டைத் தரையில் தட்டி அந்தத் துள்ளலில் அடுத்த ரெப்பை எடுப்பவர்களுக்குத் தரையில் பலம் வரவே வராது. முதல் ரெப்பைத் தவிர மீதி எல்லாவற்றிலும் கடினமான இடத்தை ரப்பர்தான் தூக்கிக் கொடுக்கிறது.

அறிகுறி 2: இடுப்பு முந்திக்கொண்டு எழுகிறது

இது இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு.

பிளேட் தரையில் இருக்கும்போதே இடுப்பு எழுந்தால், நீங்கள் இடுப்பை மிகத் தாழ்வாக வைத்துத் தொடங்குகிறீர்கள். டெட்லிஃப்டை ஸ்குவாட் (பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) போல உட்கார்ந்து தூக்கப் பார்க்கிறீர்கள். எடை ஏறியதும் உடம்பு தனக்கு வேண்டிய உயரத்துக்கு இடுப்பைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அதுவரை பார் நகராது. திருத்துவது சுலபம். 160 கிலோ வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, பிளேட்டுக்கும் தரைக்கும் இடையே முதல் வெளிச்சக்கீற்று தெரியும் ஃப்ரேமில் நிறுத்துங்கள். அந்த நொடியில் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் தொடக்க உயரம். அடுத்த பயிற்சியில் அங்கிருந்தே தொடங்குங்கள். தோள்பட்டை பாருக்குச் சற்று முன்னால் இருக்கும். பார்க்க அழகாக இல்லை என்று தோன்றலாம், பரவாயில்லை. தொடை நீளம், கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். இன்னொருவரின் இடுப்பு உயரத்தைப் பார்த்துக் காப்பியடிப்பதில் பயன் இல்லை.

பிளேட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு இடுப்பு சட்டென்று மேலே போய், மார்பு தாழ்ந்தால், முன்தொடை தன் பங்கைச் செய்யாமல் சுமையை முதுகின் மேல் தள்ளிவிடுகிறது. 70 சதவீதத்தில் இது வராது, 85-க்கு மேல் வரும். இதற்கு ஃப்ரன்ட் ஸ்குவாட் (பார் தோளின் முன்பக்கம்) 5 ரெப்களாக 3 செட், அல்லது அடியில் இரண்டு நொடி நிறுத்தும் ஹைபார் ஸ்குவாட் (பார் கழுத்தின் அடியில், முதுகின் உச்சியில்) 4 ரெப்களாக 4 செட், வாரம் ஒரு முறை. ஸ்குவாட்டே செய்யாமல் டெட்லிஃப்டை மட்டும் வளர்க்க நினைப்பவர்களிடம்தான் இந்தக் குறை அதிகம். மனதில் ஒரே ஒரு கட்டளை போதும்: மார்பும் இடுப்பும் ஒரே நேரத்தில் எழ வேண்டும்.

அறிகுறி 3: முதுகு வளைகிறது

எந்த முதுகு என்பதுதான் கேள்வி. மேல்முதுகு, அதாவது தோள்பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதி, தொடக்கத்திலேயே கொஞ்சம் வளைந்து கடைசிவரை அதே வளைவில் இருந்தால் அது பிழை அல்ல. தேர்ந்த லிஃப்டர்கள் பலர் அப்படித்தான் தூக்குகிறார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த நிலையில் இருந்த அமெரிக்கர் லாமர் கான்ட் 1985-இல் தன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கைத் தூக்கிக் காட்டினார், 60 கிலோ எடைப்பிரிவில் 300 கிலோ. ஆனால் அதைப் பார்த்துத் தன் முதுகையும் வளைக்கத் தொடங்குவது முட்டாள்தனம். வளைவு இருப்பதல்ல, எடை ஏறும்போது வளைவு *மாறுவது*தான் ஆபத்து.

அடிமுதுகு, பெல்ட் சுற்றியிருக்கும் பகுதி, நேராகத் தொடங்கி நடுவழியில் உருண்டால் எடையை உடனே குறையுங்கள். காரணம் மூன்றில் ஒன்று. மூச்சு: குனிந்த நிலையில் மூச்சு இழுத்தால் மார்பில்தான் போகும், வயிற்றில் அல்ல. நின்றபடியே முக்கால்வாசி மூச்சை இழுத்து, குனிந்து பிடித்த பிறகு மீதியை இழுத்து வயிற்றைச் சுற்றிலும் பெல்ட்டை நோக்கித் தள்ளுங்கள். முன்னால் மட்டுமல்ல, விலாவின் பக்கமும் பின்னாலும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இப்படி மூச்சை அடக்குவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தது பெல்ட்: போட்டியில் அனுமதிக்கப்படுவது அதிகபட்சம் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. கனம். ஸ்குவாட்டில் கட்டும் இடத்திலேயே கட்டினால் குனியும்போது விலாவில் குத்தி உங்களைத் தொடக்க நிலைக்கே வரவிடாது. ஒரு விரல் அகலம் மேலேற்றி, ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். மூன்றாவது, சோர்வு. முந்தின நாள் கனமான ஸ்குவாட் செய்துவிட்டு மறுநாள் டெட்லிஃப்ட் செய்தால் அடிமுதுகு ஏற்கெனவே களைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாளாவது விடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பாதம் சொன்ன பேச்சு கேட்காவிட்டாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறிகுறி 4: முட்டிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது

பார் நன்றாகக் கிளம்புகிறது, பாதி வழியில் வேகம் செத்துவிடுகிறது. வீடியோவில் பாருக்கும் காலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் பார் விலகிவிட்டது.

விலகலின் விலை என்ன என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பார் முட்டிக்குக் கீழே வரும்போது இடுப்பு மூட்டிலிருந்து பாருக்குக் கிடைமட்ட தூரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பார் 3 செ.மீ. விலகினால் தூரம் 28 செ.மீ. ஆகிறது. உடம்பின் எடையை விட்டுவிட்டு பாரை மட்டும் கணக்கிட்டால் இடுப்பின் மேல் விழும் திருகு விசை 12 சதவீதம் கூடுகிறது. 180 கிலோ தூக்குபவர் அந்த நொடியில் 200 கிலோவுக்கு மேல் தூக்கும் உழைப்பைக் கொடுத்தாக வேண்டும். அவர் நிற்பது பலம் இல்லாததால் அல்ல, இல்லாத 20 கிலோவைத் தூக்கியதால்.

பாரை உடம்போடு ஒட்டவைப்பது லேட்ஸ், அதாவது கக்கத்துக்குக் கீழே முதுகின் இரு பக்கமும் உள்ள அகன்ற தசை. கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு நடக்கும்போது அங்கே ஒரு இறுக்கம் இருக்குமே, அதே இறுக்கத்தைத் தொய்வு எடுக்கும்போதே கொண்டுவாருங்கள். முழங்கையின் உட்குழி சற்று முன்னோக்கித் திரும்பும், தோள் காதை விட்டு இறங்கும். பார் எலும்பை உரசிக்கொண்டு வர வேண்டும். தோல் உரியும் என்ற பயத்தில் பாரைத் தள்ளிவைப்பவர்களும் உண்டு. அதற்குத்தான் போட்டியில் நீளமான சாக்ஸ் கட்டாயம். பயிற்சியிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

லேட்ஸை உணரவே முடியவில்லை என்றால், ஒரு ரப்பர் பேண்டை முன்னால் உள்ள ரேக்கின் அடியில் மாட்டி, மறுமுனையை பாரின் நடுவில் கட்டுங்கள். பேண்ட் பாரை முன்னோக்கி இழுக்கும், நீங்கள் உடம்போடு வைத்திருக்கப் போராட வேண்டியிருக்கும். 40 முதல் 50 சதவீத எடையில், 5 ரெப்களாக 3 செட், வார்ம்அப்பின் பகுதியாக. இதோடு கேபிளில் கையை மடக்காமல் தொடை வரை இழுக்கும் பயிற்சி, 12 முதல் 15 ரெப்களாக 3 செட். மூன்று வாரத்தில் வீடியோவில் வித்தியாசம் தெரியும்.

பார் ஒட்டியே வந்தும் நின்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். தரையிலிருந்து வேகமாகக் கிளம்பாத பார்தான் பெரும்பாலும் இங்கே வந்து ஓய்கிறது.

அறிகுறி 5: முட்டியைத் தாண்டிவிட்டது, முடிக்க முடியவில்லை

இங்கே பார்க்க வேண்டியது முட்டி. பார் முட்டியைத் தாண்டும்போதே கால் முழுதாக நேராகிவிட்டதா? அப்படியென்றால் கால் தன் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி முழுக்க இடுப்பும் முதுகும் தனியாகச் செய்கின்றன. இது அறிகுறி 2-இன் தொடர்ச்சி, அங்கே திருத்தினால் இங்கே சரியாகும்.

முட்டியும் இடுப்பும் சேர்ந்தே போய், கடைசி 10 செ.மீ. மட்டும் வரவில்லை என்றால் பிட்டத் தசையும் பின்தொடையும் வளர வேண்டும். ரொமேனியன் டெட்லிஃப்ட்தான் (நின்ற நிலையிலிருந்து, முட்டியை அதிகம் மடக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிப் பாரை இறக்கி ஏற்றுவது) முதல் மருந்து: 180 கிலோவுக்கு 95 முதல் 105 கிலோ, 8 ரெப்களாக 3 செட், இறங்க மூன்று நொடி, பார் தொடையையும் முட்டியையும் உரசியபடி. ஹிப் த்ரஸ்ட் (முதுகைப் பெஞ்சில் சாய்த்து, இடுப்பின் மேல் பாரை வைத்து இடுப்பை உயர்த்துவது) 10 ரெப்களாக 3 செட் சேர்க்கலாம். பிளேட்டுகளைப் பிளாக்கில் (உயரக் கட்டைகள்) வைத்து இழுப்பதாக இருந்தால் பார் முட்டிக்குக் கீழே 5 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். ரேக்கில் பாரைத் தாங்கவைத்து முட்டிக்கு மேலிருந்து இழுக்கும் ரேக் புல் செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த உயரத்தில் உடம்பு நிமிர்ந்து நிற்க, டெட்லிஃப்டில் ஒருபோதும் வராத ஒரு நிலையில் பெரிய எடையை அசைக்கிறீர்கள். பாரில் பிளேட் ஏறும், லாக்அவுட், அதாவது நிமிர்ந்து முடிக்கும் பலம், ஏறாது.

மேடைக்குப் போகிறவர்கள் விதியையும் கவனியுங்கள். முட்டி நேராகி, தோள் பின்னால் வந்து, உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். தலைமை நடுவர் கையை இறக்கி 'டவுன்' சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பாரைத் தொடையில் சாய்த்துத் தாங்கி, முட்டியை மறுபடி மடக்கி மேலே ஏற்றினால் சிவப்பு விளக்கு, முயற்சி செல்லாது. முடிவு நிலைக்கு முன் பார் கீழ்நோக்கி வந்தாலும் சிவப்புதான். பின்னோக்கிச் சாயத் தேவையே இல்லை. சாய்ந்தால் முட்டி மடங்கும், அதற்கும் சிவப்பு. இறக்கும்போது இரண்டு கையும் பாரில் இருக்க வேண்டும், கைவிட்டுப் போடக் கூடாது.

தொடையில் பார் ஒட்டிக்கொண்டு வழுக்காமல் நின்றால் முகப்பவுடர் போடலாம், எண்ணெயோ கிரீமோ கூடாது. பவுடரை வேறொருவர் போட்டுவிடட்டும். உங்கள் கையில் பட்டால் பிடி போயிற்று.

அறிகுறி 6: பிடி நழுவுகிறது

உடம்பில் பலம் இருந்தும் கை திறந்துவிடுகிறது. கையை விரித்துப் பாருங்கள். காய்ப்பு உள்ளங்கையின் நடுவில் இருந்தால் நீங்கள் பாரைத் தவறான இடத்தில் பிடிக்கிறீர்கள். எடை ஏறியதும் பார் உள்ளங்கையிலிருந்து விரல்களின் அடிக்கு உருண்டு இறங்கும். போகும் வழியில் தோலையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் காய்ப்பு கிழிகிறது. முதலிலேயே விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கோட்டில் பாரை வைத்துப் பிடியுங்கள். உருள இடமே இருக்காது. கை அந்த அளவுக்கு நீள்வதால் பார் போக வேண்டிய தூரத்திலும் கொஞ்சம் மிச்சம்.

வார்ம்அப் முழுக்க, 65 சதவீதம் வரையாவது, இரண்டு கையும் மேலிருந்து பிடித்தே தூக்குங்கள். கடைசி செட்டின் கடைசி ரெப்பை மேலே 10 முதல் 15 நொடி பிடித்து நில்லுங்கள். தனியாகப் பிடிப் பயிற்சி எதுவும் இல்லாமலே பலருக்கு இது போதும்.

கனமான எடைக்கு இரண்டு வழி. ஒரு கை மேலிருந்தும் ஒரு கை கீழிருந்தும் பிடிக்கும் மிக்ஸ்டு கிரிப் உடனே பலன் தரும். ஆனால் கீழிருந்து பிடித்த கையின் முழங்கை மடங்கினால் புஜத்தின் தசைநார் அறுந்துபோகும் அபாயம் உண்டு. கை என்பது இங்கே கயிறு, அவ்வளவுதான். அதனால் இழுக்க நினைக்காதீர்கள். இன்னொன்று ஹூக் கிரிப்: கட்டைவிரலை பாரோடு சேர்த்து அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பூட்டுவது. முதல் சில வாரம் கட்டைவிரல் வலி தாங்க முடியாது. 50 சதவீத எடையில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினால் ஒன்றரை மாதத்தில் பழகும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வையே பாதி எதிரி. பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடரை ஈரக் கையில் போட்டால் களிம்பாகிவிடும். துண்டால் கையை நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு போடுங்கள். ஜிம்மில் பவுடருக்குத் தடை என்றால் திரவச் சாக் உண்டு, தரை அழுக்காகாது. பாரின் சொரசொரப்பில் பழைய பவுடரும் தோலும் அடைத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். கையைப் பாரோடு சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப்பைப் பொறுத்தவரை, ரொமேனியன் போன்ற துணைப் பயிற்சிகளில் தாராளமாகப் போடலாம். போட்டியில் அனுமதி இல்லை என்பதால் முக்கிய டெட்லிஃப்டில் வேண்டாம்.

அறிகுறி 7: சூமோவில் பார் கிளம்ப நேரமெடுக்கிறது

சூமோ என்பது கால்களை அகலமாக விரித்து, கைகளை அவற்றுக்கு நடுவே வைத்துத் தூக்கும் முறை. அதன் இயல்பே அதுதான். கால்களைக் குறுக்கி வைத்துத் தூக்கும் வழக்கமான முறையான கன்வென்ஷனல் கீழே வேகம், மேலே போராட்டம். சூமோ கீழே போராட்டம், மேலே வேகம். கிளம்பவில்லை என்று ஒரு நொடியில் கைவிடுபவர்கள் இன்னொரு நொடி பொறுத்தால் தூக்கிவிடுவார்கள். முட்டி உள்ளே மடங்குகிறதா என்று முன்பக்க வீடியோவில் பாருங்கள். மடங்கினால் கால்களை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செ.மீ. குறுக்கி, முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகும்படி வையுங்கள். இறக்கும்போது கால்விரல்கள் பிளேட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது. அகலமாக நிற்பவர்கள் இதை ஒவ்வொரு முறையும் குனிந்து சரிபார்க்க வேண்டும்.

அறிகுறி 8: ஜிம்மில் வந்த எடை மேடையில் வரவில்லை

போட்டியில் டெட்லிஃப்ட் கடைசியில் வருகிறது. அதற்கு முன் மூன்று ஸ்குவாட் முயற்சி, மூன்று பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) முயற்சி, நடுவே மணிக்கணக்கில் காத்திருப்பு. தனியாக ஒரு நாள் தூக்கிய எடையை அங்கே எதிர்பார்க்க முடியாது. போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்பிலிருந்து வாரம் ஒரு நாளாவது ஸ்குவாட்டுக்குப் பிறகு டெட்லிஃப்ட் செய்யுங்கள். கடைசிக் கனமான இழுப்பு போட்டிக்கு 7 முதல் 14 நாள் முன்பு. பெரிய எடை தூக்குபவர்கள் 14 பக்கம் போங்கள். பாரில் பிளேட் நழுவாமல் பூட்டும் காலர்கள் இரண்டும் சேர்ந்து 5 கிலோ, பார் 20 கிலோ. காலர் இல்லாமல் பயிற்சி செய்தவர்கள் இந்தக் கணக்கை மறக்கிறார்கள்.

முதல் முயற்சி எந்த மோசமான நாளிலும் மூன்று ரெப் வரக்கூடிய எடையாக இருக்கட்டும். இலக்கு 200 கிலோ என்றால் 180, 192.5, 200. முதல் முயற்சியிலேயே 192.5 கேட்டு, அது தோற்றால் அதே எடையை மறுபடி முயல்வதில் ஒரு வாய்ப்பும் தெம்பும் போகும். எடை ஏற்றியதாக அறிவித்த பின் தொடங்க ஒரு நிமிடம் உண்டு. பாரின் மேல் குனிந்து நின்று அந்த நிமிடத்தைக் கழிக்காதீர்கள். குனிந்த பிறகு நான்கைந்து நொடிக்குள் பார் கிளம்ப வேண்டும்.

ஆறு வாரம் முடிந்ததும்

அதே 160 கிலோ, அதே ஷூ, அதே இடத்தில் போன். பழைய வீடியோவோடு ஒப்பிடும்போது தூக்கினோமா இல்லையா என்று பார்க்காதீர்கள். பார் எங்கே மெதுவாகிறது என்று பாருங்கள். தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது முட்டிக்கு மேலே மெதுவாகிறது என்றால் பிழை தீர்ந்துவிட்டது, அடுத்தது வெளியே வந்திருக்கிறது. டெஃபிசிட் பலகையை எடுத்து வைத்துவிட்டு அறிகுறி 5-க்குப் போங்கள். மெதுவாகும் இடம் ஒரு செ.மீ. கூட நகரவில்லை என்றால் பயிற்சியை மாற்றுவதற்கு முன் 70 சதவீத வீடியோவை மறுபடி போட்டு, 'டிக்' சத்தம் வந்த பிறகுதான் தள்ளத் தொடங்குகிறீர்களா என்று காதால் கேளுங்கள்.